கொச்சியில் எட்டு மணி

“எட்டு மணின்னா சொன்னான் அந்தக் கப்பல்காரன்? நல்லாக் காதுல வாங்குனீகளா?”

“ஏம் புள்ள, குமுளிச் சந்தையில மிளகுக்காரகளோட மல்லுக்கட்டி வளந்த காது இது. ‘எட்டு மணி அடிச்சால் கப்பல் விடும்’னான். இதுல கேக்காமப் போறதுக்கு என்ன இருக்கு?” என்றான் புருசன் இருதயம்.

வியாகுலமேரி கடலைப் பார்த்தாள். கொச்சித் துறைக்கு வெளியே, அலை உடையும் கோட்டுக்கு அப்பால், அவர்கள் வந்த புகைக்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அதில்தான் அவளுடைய மூன்று வயது மகள் ஜெயமேரி இருந்தாள்.

போன மழைக்காலத்தில் கூடலூரில் காய்ச்சலோடு கிடந்து பிழைத்த பிள்ளை. கோவாவில் சவேரியாரின் திருவுடலை மக்களுக்குக் காட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பிள்ளையை அங்கே கொண்டுவருவதாக நேர்ந்துகொண்டாள். தூத்துக்குடியில் கப்பல் ஏறியதிலிருந்து அதற்கு ஓயாத வாந்தி. சுக்கும் கற்கண்டும் கிடைத்தால் நிற்கும் என்றாள் கூட வந்த ஊர்க்காரி ஞானபாக்கியம். ஆடுகிற கயிற்றேணியில் பிள்ளையோடு இறங்க முடியாது. அதனால் அதை ஞானபாக்கியத்தின் மடியில் விட்டுவிட்டு, புருசனும் பெண்டாட்டியுமாகப் படகில் கரைக்கு வந்திருந்தார்கள்.

சுக்கும் கற்கண்டும் எப்போதோ வாங்கியாயிற்று. இருதயத்துக்குத்தான் ஊர் பார்க்க வேண்டும். கொண்டுவந்து விட்ட படகுக்காரனை, விளக்கு வைத்த பிறகு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டான்.

ஊர் பார்க்கத் தகுந்ததுதான். சுவர்கள் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. பச்சைச் சன்னல்கள் எல்லாம் மூடிக்கிடந்தன. அவற்றுக்குள்ளே வேறு கண்டத்து மனிதர்கள் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. சரக்கு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கித் தெருவில் நடந்தபோது மிளகும் இஞ்சியும் மூக்கில் ஏறின. குமுளியிலிருந்து பொதிமாட்டில் இறங்கும் அதே வாசம், ஆனால் ஒரு மலையையே இடித்துப் பொடித்துக் கொட்டியதுபோல. கரையோரம் மூங்கில் கால்களில் நின்ற பெரிய வலைகள் தண்ணீருக்குள் தலையைக் கவிழ்த்துக் கவிழ்த்து எழுந்தன. எல்லாம் அழகு. ஆனால் அவள் பத்தடிக்கு ஒரு தரம் கப்பலைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது கடல்காற்றில் கப்பலின் மணி மெல்லக் கேட்டது. இரண்டு, இரண்டு, ஒன்று.

“அஞ்சு” என்றாள்.

மணி கேட்டால் எண்ணுவது அவள் வழக்கம். இருதயம் அவர்கள் ஊர்க் கோயில்பிள்ளை. மூன்று வேளை மணியும் சாவு மணியும் அவன் கையில்தான். அவன் குமுளிக்குப் போன நாட்களில் கயிறு இழுப்பது அவள்.

“அஞ்சா?” இருதயம் அண்ணாந்து பார்த்தான். வெயில் உச்சியை விட்டு இறங்கி அதிக நேரம் ஆகவில்லை. “அந்தப் பயலுக்கு மணி அடிக்கத் தெரியல. நம்ம கோயில்ல வந்து ஒரு மாசம் நிக்கச் சொல்லணும்.”

வியாகுலமேரி நின்றுவிட்டாள்.

“இங்கேருங்க. நேத்து உச்சிப்பொழுதுல கஞ்சி ஊத்துனாகளே, அப்ப எத்தன அடிச்சுச்சு?”

“நான் எங்க எண்ணுனேன்? கொடலு வாய்க்கு வந்து கெடந்தேன்.”

“எட்டு. நான் எண்ணுனேன். அப்புறம் கொஞ்ச நேரங் கழிச்சு ஒண்ணு. அப்புறம் ரெண்டு, மூணுன்னு ஏறுச்சு. பொழுது சாயறதுக்கு முன்னாடியே திரும்ப எட்டு வந்துருச்சு. அடிக்கிறவன் கோட்டி புடிச்சவன்போலன்னு நெனச்சேன். கப்பல்காரன் சொன்னது கடியாரத்து எட்டு மணி இல்ல. எட்டுத் தடவ மணி அடிக்கிறத. இன்னும் மூணு தடவ அடிச்சா எட்டு. கப்பல் போயிரும். புள்ளயோட போயிரும்!”

இருதயத்தின் முகத்தில் இருந்த கோயில்பிள்ளைக் களை அப்படியே வடிந்தது. இருவரும் ஓடினார்கள். வந்து இறங்கிய துறையில் ஒரு படகும் இல்லை. ஓட்டத்தில் கற்கண்டுப் பொட்டலம் அவிழ்ந்து மணலில் சிந்திக்கொண்டே வந்தது. அள்ள நேரமில்லை. வலைகளுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் தம் ஓடத்தின் மேல் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார்.

இருதயம் அவர் முன்னால் போய் நின்று கையை ஆட்டினான். சந்தையில் அவன் பழகிய மலையாளம் முழுக்க மிளகும் தராசும்தான். பயத்தில் அதுதான் வந்தது.

“தூக்கம் குறவாணு! தூக்கம் குறவாணு!”

எடை குறைகிறது என்று ஒருவன் கடற்கரையில் வந்து கத்துவதைக் கிழவர் வாய் திறந்து பார்த்தார். கப்பலிலிருந்து இரண்டு, இரண்டு, இரண்டு என்று கேட்டது.

வியாகுலமேரி அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். குமுளிப் பெண்கள் பிள்ளைகளைக் கூப்பிடும் சொல் ஒன்று அவளுக்குத் தெரியும்.

“கொச்சு! கொச்சு!”

“கொச்சி தன்னே” என்றார் கிழவர். இதுவேதான் கொச்சி என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டி, கப்பலைக் காட்டினாள். புகைபோக்கியிலிருந்து கறுப்பாகப் புகை கிளம்பியிருந்தது. கிழவர் அவள் கையைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், வலையை மணலில் வீசி எறிந்தார்.

“வேகம் கேறு! வேகம்!” என்று ஓடத்தில் ஏறச் சொன்னார்.

அலை உடையும் இடத்தில் ஓடம் செங்குத்தாக நின்று விழுந்தது. இருதயம் ஒரு துடுப்பை வாங்கி, ஏர் உழுவதுபோல் தண்ணீரைக் குத்தினான். வியாகுலமேரி செபம் சொல்லவில்லை, எண்ணினாள். பாதிக் கடலில் ஏழு கேட்டது. கப்பல் கிட்டே வரவர, நங்கூரச் சங்கிலி இழுபடும் சத்தமும் கேட்டது. “ஓய், ஓய்!” என்று கிழவர் போட்ட சத்தத்தில் மேலே யாரோ எட்டிப் பார்த்தார்கள். கயிற்றேணி திரும்பவும் இறங்கியது.

அவள் கடைசிப் படியில் கால் வைத்தபோது, தலைக்கு மேலேயே மணி அடித்தது. இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு.

“என்னாத்தா, ஆடி அசஞ்சு வாரீக? மாமியா வீடா அது?” என்றாள் ஞானபாக்கியம். அவள் மடியில் ஜெயமேரி விழித்திருந்தாள்.

வியாகுலமேரி பிள்ளையை வாங்கி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கப்பல் பலகையிலேயே உட்கார்ந்தாள். பிள்ளையின் மேல் புளித்த வாந்தி வாசம் அடித்தது. கிட்டங்கித் தெருவின் வாசமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இருதயம் கைப்பிடியைப் பிடித்தபடி, சின்னதாகிக்கொண்டே போன ஓடத்தைப் பார்த்துக் கும்பிட்டான். கிழவரும் ஒரு கையைத் தூக்கினார்.

“கக்கண்டு?” என்றாள் ஜெயமேரி.

பொட்டலத்தில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. வியாகுலமேரி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீரும் நிற்கவில்லை.

கோவாவில் நேர்ச்சை தீர்ந்தது. தூத்துக்குடியில் இறங்கி, ரயிலேறி, அம்மையநாயக்கனூரில் ஊர்க்காரன் சுருளியாண்டியின் மாட்டுவண்டி கிடைத்தது. பெரியாத்து அணை வேலைக்கு இரும்பு ஏற்றிப்போகிற வண்டி. அல்லிநகரம் தாண்டியதும் மேற்கே மலை பழைய இடத்திலேயே நின்றது. வைக்கோல் மேல் படுத்திருந்த வியாகுலமேரிக்குத் தரை ஆடாமல் இருப்பதே பெரிய சுகமாக இருந்தது. ஜெயமேரி விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள்.

“ஏன் கோயில்பிள்ள,” என்றான் சுருளியாண்டி, மாட்டை அதட்டிக்கொண்டே. “கப்பல்லயும் மணி உண்டாம்ல? அங்கன அடிக்கிறவன் ஒங்கள மாதிரி சுத்தமா அடிப்பானா? நீங்க சொல்லுங்க ஆத்தா, இவரு பெருமதான் பேசுவாரு.”

வியாகுலமேரி எழுந்து உட்கார்ந்து, தலைமுடியில் ஒட்டிய வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் உதட்டோரம் துடிப்பதை இருதயம் பார்த்துவிட்டான். மெல்ல நகர்ந்து வந்து அவள் காதருகே குனிந்தான்.

“ஏ புள்ள, கொச்சியப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லு. அந்த எட்டு மணிய மட்டும் சொல்லிராத, என்ன?”