நஜ்முன்னிசா இன்னும் வாய் திறக்கவில்லை

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. அரபியில் பெரும்பாலும் மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு வேர், அந்த வேரிலிருந்து சொற்கள் குடும்பம் குடும்பமாகக் கிளைக்கும் என்று எழுதி, நாலு பேரிடம் 'அடேயப்பா' வாங்குவதுதான் என் திட்டம். ஒரே குறை, எனக்கு அரபி தெரியாது. அதனால் வியாழன்தோறும் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்குப் போனேன். சிராஜ் பாயின் தோல்பைப் பட்டறைக்கு மேல்மாடியில் அவர் மகள் நஜ்முன்னிசா பெண்களுக்கு அரபி வகுப்பு நடத்துகிறாள். பதினோரு பெண்கள். வாசலோரம் ஒரு நாற்காலியில் நான்.

முதல் வரி இப்படி இருந்தது: 'க-த-ப என்னும் வேரிலிருந்து, புத்தகத்தைக் குறிக்கும் கிதாப் என்ற...'

(வேண்டாம். இதைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கிதாபில்தான் தொடங்கித் தொலைக்கிறார்கள்.)

2

நஜ்முவுக்கு இருபத்தெட்டு வயது. கீழே ஆறு மெஷின் ஓட, அதற்கு மேலே கேட்கும்படி பேசிப் பேசி அவள் குரல் ஒரு கட்டை ஏறிவிட்டது.

"ஹ-ஸ-ல. வந்து சேருறதுன்னு வச்சுக்கிடுங்க. வயல்ல வந்து சேர்ந்தா மகசூல். அதுல வரி சேர்க்க வந்தவரு தாசில்தார். ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைய."

"அதான் மகசூல் வந்ததும் மோப்பம் புடிச்சு வந்துருதாவளோ?" என்றாள் இட்லி விற்கும் பீவி.

"அடுத்தது ர-ள-ய. அந்த ள நம்ம ஊர்ப் பேச்சுல ஜ ஆயிரும். மனசு நெறையுறது. கோர்ட்டுல ராஜியாப் போனாவன்னு சொல்லுவோம்லா, அந்த ராஜி. இங்க ஹிந்தியில 'தேரி மர்ஜி'ங்கான், அந்த மர்ஜி. சம்மதமும் இஷ்டமும் ஒரே வேரு, பாத்துக்கிடுங்க."

பிறகு ஸ-க-த. பேசாமல் இருப்பது ஸுகூத். ஓதும்போது மூச்சு விடாமல் ஒரு கணம் நிறுத்துவது ஸக்தா. நெஞ்சு நின்றுபோவதற்கும் அந்தச் சொல்தான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் கடைசிக் குடும்பத்தில் 'சம்மதம்' என்று ஒரு பிள்ளை உண்டா என்று அகராதியில் தேடினேன். இல்லை. என் அகராதி சின்னது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

3

நஜ்முவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பெயர் பைசான், கல்யாண் ஸ்டேஷன் பக்கம் மொபைல் கடை. அவனை வில்லனாக்க நான் படாதபாடு பட்டேன். பாவி, ஒத்துழைக்கவே இல்லை. நல்ல பையன். நஜ்முவுக்கும் அவனைப் பிடித்திருந்தது, அதுதான் வினை.

அவன் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நிக்காஹுக்குப் பிறகு வகுப்பு கூடாது.

"அதுக்கென்ன, விட்டுருவா" என்று சிராஜ் பாய் போனிலேயே சொல்லிவிட்டார். மகளிடம் அவர் இதைப் பற்றி...

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னிடம் எதுவுமில்லை.)

4

சயானில் மண்டபம், ஞாயிறு காலை. பெண்ணின் சார்பில் பேசும் வக்கீலாக அவள் தாய்மாமா ஜெயினுலாப்தீன், இரண்டு சாட்சிகளோடு பெண்கள் அறைக்குள் போகிறார். அவர் மூன்று முறை கேட்க வேண்டும். பெண் 'வேண்டாம்' என்றால் அத்தோடு எல்லாம் நின்றுவிடும், யாரும் மீற முடியாது. தலைகுனிந்து பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். வெட்கப்படுகிறவளைப் பேசு பேசு என்று வதைக்கக் கூடாது என்ற இரக்கத்தில் வந்த வழக்கம் அது. கையெழுத்தெல்லாம் அப்புறம், பேனாவைக் கையில் திணிக்க மாமிமார் நாலு பேர் தயார்.

"நஜ்மு, பைசானுக்கு ஒன்னய நிக்காஹ் செஞ்சு குடுக்க எனக்கு வக்காலத்து தாரியாம்மா?"

நஜ்மு பேசவில்லை. பீவி இப்போதுதான் எழுத்துக் கூட்டி ஒரு முழு வரி படிக்கிறாள். அடுத்த வியாழன் அவள் வந்து பூட்டிய கதவைப் பார்ப்பாள். நஜ்மு முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வெக்கப்படுதா. இன்னொருக்கா கேளுங்க காக்கா" என்று தன் அண்ணனிடம் சொன்னாள் நஜ்முவின் உம்மா ரஷீதா.

ஆறு மெஷினை வென்ற குரலுக்கு வெட்கமாம்! அங்கே எல்லோரும் நம்பினார்கள்.

5

முடிவு அ: 'வேண்டாம்' என்கிறாள். ரஷீதா மயங்கி விழுகிறாள். (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: "கிளாஸ் நடத்துவேன், அதுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்கிறாள். நிபந்தனை போட அவளுக்கும் உரிமை உண்டு. (ஆனால் இது நானாக அவள் வாயில் திணித்த வசனம். சிராஜ் பாய்க்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?)

முடிவு இ: வெற்றிடம். எங்கள் தொழிலில் இதற்குத்தான் மவுசு. முடிவைச் சொல்லாமல் விட்டால் நுட்பமான ஆள் என்பார்கள். அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் உறைத்தது. அவள் பேசாமல் கதை முடிந்தால், அந்த அறையில் அது சம்மதம். நுட்பம் நுட்பம் என்று ஒரு நிக்காஹையே முடித்துவைத்துவிட்டேன்.

6

கதை பிறந்த விதம் பற்றி முதலில் சொன்னது முழு உண்மை இல்லை. கடைசி வியாழனன்று எல்லோரும் போன பிறகு, போர்டைத் துடைத்துக்கொண்டே நஜ்மு கேட்டாள்:

"சார், நீங்க நாலு எடம் போனவுக. நான் மாமாகிட்ட என்ன சொல்லட்டும்?"

நான் சிரித்தேன். எழுத்தாளன் சிரிப்பு, இரண்டு பக்கமும் சேராதது. அவள் போர்டின் கடைசி மூலையையும் துடைத்து முடித்தாள்.

"சரி சார்" என்று ஃபேனை நிறுத்தினாள்.

இதை மறைக்கத்தான் இத்தனை வேரும் கிளையும். வெட்கமாக இருக்கிறது.

ஜெயினுலாப்தீன் இரண்டாம் முறையும் கேட்டாயிற்று. நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், இங்கிருந்து கத்தினாலும் எட்டாது. உங்களைத்தான் அந்த அறைக்குள் கூட்டிப்போய் அவள் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று இதுவரை அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. மாமா தொண்டையைக் கனைக்கிறார். நீங்களாவது கேளுங்கள். கேட்காமல் பக்கத்தைப் புரட்டினால், அதையும் சம்மதம் என்றே எழுதிக்கொள்வார்கள்.