அம்மனுக்குப் போன ஒயர்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக கார் விடியற்காலையில் செத்துக் கிடந்தது. கார்குழலி இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. மெக்கானிக் கொளஞ்சி பார்த்தாயிற்று. பேட்டரி கெழடு தட்டிப்போச்சு என்று புதுசு மாட்டிவிட்டுப் போனார். ராத்திரி நிறுத்தினால் புதுசும் விடிவதற்குள் இறங்கிவிடுகிறது.

கார் நின்றால் நிற்பது கார் மட்டுமில்லை. அவளுடைய அக்கா துர்கா, புருஷன் இராமதாஸ் கையை முறுக்கி ஒடித்த பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த தடவை கழுத்து என்று அவன் சொல்லியிருந்தான். ஸ்டேஷனுக்குப் போனால், பெரியவங்களை வெச்சுப் பேசிக்கோங்கம்மா என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பேசிக் கிழித்தது போதும் என்று, அரியாங்குப்பத்தில் கூட வேலை செய்யும் ஜெர்மேனின் வீட்டில் அக்காவையும் பிள்ளையையும் ஒளித்து வைத்தாள் கார்குழலி. மரம் அறுக்கும் மில்லை ஒட்டின வீடு. பகலில் ஜெர்மேன் வேலைக்குப் போய்விடுவாள். போன் வழியாக அவன் மோப்பம் பிடிப்பான் என்று துர்காவின் சிம்மை இவளே உடைத்துப் போட்டாள். யார் மணி அடித்தாலும் திறக்கக் கூடாது. ஹாரன் சின்னதாக ரெண்டு, நீளமாக ஒன்று கேட்டால் மட்டும் கேட்டைத் திற. தினம் சாயங்காலம் பாலும் மாத்திரையும் அப்படித்தான் உள்ளே போயின. வீட்டின் முதல் டிகிரிக்காரி போட்ட திட்டம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அம்மா தையல்நாயகியால்தான் எல்லாம் கோணிக்கொண்டது. துர்கா போன அடுத்த வாரம் இராமதாஸ் சாரத்தில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்து, அத்தே அத்தே என்று அழுதான். மருமகன் அழுதால் அம்மாவுக்குத் தாங்காது. மகளின் கைக்கட்டு அவிழவில்லை, இங்கே மாப்பிள்ளைக்குக் கறிக்குழம்பு கொதித்தது. கார் சாவியைக் கேட்டான், அதையும் கொடுத்தாள். டேஷ்போர்டில் ஒரு சின்ன அம்மனை உட்கார வைத்து, சிவப்பு லைட்டுக்கு ஒயர் இழுத்து, சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனான். கார்குழலி வேலைவிட்டு வந்து பிடுங்கப் போனபோது அம்மா குறுக்கே நின்றாள். உட்கார வைத்த சாமியை எழுப்பக் கூடாதாம். நாலு நாளில் அந்த லைட் செத்துப் போனது. அப்போதும் அம்மா எடுக்க விடவில்லை. சாமியாவது பூதமாவது என்று பேசும் கார்குழலிக்கும், உள்ளதைச் சொன்னால், கை நீளவில்லை.

அன்று சனிக்கிழமை. அவளுக்கு லீவு, ஜெர்மேனுக்கு ஷிஃப்ட். காருக்குள் உட்கார்ந்தபடி வாசலில் நின்ற அம்மாவிடம் சொன்னாள்: "இது சாயங்காலம் வரைக்கும் நவுறாது. பிரிச்சுப் பாக்கப் போறேன்."

"பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலையெல்லாம் வேணுமா."

"ஆம்பள பாத்துதாம்மா ரெண்டு பேட்டரி போச்சு."

ஃபேக்டரியில் எலக்ட்ரானிக் போர்டுகளுக்குக் கரண்ட் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. பக்கத்து வீட்டு சார்ஜரை வாங்கி மத்தியானம் வரை பேட்டரிக்கு உயிர் ஏற்றினாள். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைப் போட்டாள். திறந்திருந்த கதவின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடிவிட்டதாகக் காரை நம்ப வைத்தாள். காரும் மனுஷன் மாதிரிதான், அடங்கித் தூங்கக் கொஞ்சம் நேரம் ஆகும். காத்திருந்தாள். தூங்கின காருக்கு மீட்டர் முள் நுனி அளவுதான் காட்ட வேண்டும். அரை ஆம்பியருக்குக் குறையாமல் நின்றது. எதுவோ முழித்திருக்கிறது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மாட்டினாள். உள்விளக்கு இல்லை. ஹாரன் இல்லை. பாட்டுப்பெட்டியின் ஃப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டர் தொப்பென்று விழுந்தது. திரும்பச் செருகி, பாட்டுப்பெட்டியையே கழற்றினாள். மீட்டர் மறுபடி அரை ஆம்பியர். அதே ஃப்யூஸிலிருந்து இன்னொரு ஒயர் டேஷ்போர்டுக்குள் ஏறிப் போனது. விரலால் தடவிக்கொண்டே போனாள். அம்மனின் பீடத்தில் முடிந்தது.

லைட்தான் செத்துவிட்டதே, இதுக்கு எதற்குக் கரண்ட்?

பீடத்தைத் தொட்டாள். நேற்று ராத்திரியிலிருந்து ஓடாத கார். வெதுவெதுவென்று இருந்தது.

"சாமிய எடுக்காதடி" என்று அம்மா வாசலிலிருந்து ஓடி வந்தாள். கார்குழலி பிடுங்கினாள். ஒயர் அறுந்து கையோடு வந்தது. அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே சிம், ஓரத்தில் ஊசித் துளை. ஊசித் துளைக்குப் பின்னால் மைக் இருக்கும். பச்சைப் புள்ளி இன்னும் மினுங்கியது. வண்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் இந்த மாதிரி பெட்டிகளை அவள் டெஸ்ட் பண்ணியிருக்கிறாள். கரண்ட்டை வெட்டினால், உள்ளே இருக்கும் குட்டி பேட்டரியில் பிழைத்துக்கொண்டு, தன்னை வைத்தவனுக்கு உடனே செய்தி அனுப்பும்.

தினம் சாயங்காலம் அரியாங்குப்பத்துக்கு வழி காட்டியவள் அவளேதான்.

போன் அடித்தது. இராமதாஸ்.

"என்ன கொயலி, சாமி மேல கை வெச்சுட்டியா?" குரலில் பாசம் வழிந்தது. "பரவால்ல, எனக்கு இனிமே அது வேணாம்."

"மாமா, எங்க இருக்கீங்க?"

"வண்டி சாயங்காலம் வரைக்கும் நவுறாதுன்னு அத்தகிட்ட நீதான சொன்ன? அதான், இன்னைக்குப் பால நானே குடுத்துடலாம்னு வந்தேன்."

அவன் பேச்சுக்குப் பின்னால் மரம் அறுபடும் கிறீச் சத்தம் நீளமாகப் போனது.

அம்மாவிடம், உன் போன்ல போலீசுக்கு அடி, ஜெர்மேன் வீடுன்னு சொல்லு என்று கத்திக்கொண்டே கேபிளை வெறும் கையால் பேட்டரியில் அழுத்தி மாட்டினாள். பொறி தெறித்தது. சாவியைத் திருகினாள். டக் என்றது. மறுபடி திருகினாள். டக். ராத்திரி முழுக்க அது குடித்ததை மத்தியானம் வரை ஏற்றின சார்ஜ் ஈடு கட்டவில்லை. அம்மா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சீட்டில் கிடந்த அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அவள ஒன்னும் பண்ணாதீங்க. நான் வரேன், பேசலாம்."

அவன் போனை வைக்கவில்லை. இவள் கேட்க வேண்டும் என்றே வைக்கவில்லை.

சின்னதாக ரெண்டு. நீளமாக ஒன்று.

சின்ன கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஹாரன்தான். மரம் அறுக்கும் சத்தம் ஒரு கணம் நின்ற இடைவெளியில், எண்ணெய் போடுகிறேன் என்று அவள் சொல்லிச் சொல்லி மறந்துபோன அந்த கேட்டின் தாழ்ப்பாள், உள்ளிருந்து இழுபடுவது தெளிவாகக் கேட்டது.