திருப்பிப் போட்ட நாற்காலி

பெட்டியைப் பூட்டிக்கொண்டே மனைவி மூன்றாவது தடவையாக அதே புகாரைச் சொன்னாள்.

"ரயில்ல பின்பக்கமா உக்காந்தாலே எனக்கு வயித்தைப் புரட்டும். நீங்க விமானத்துலயே அப்படி உக்கார வெக்கிறீங்க."

அவர் சிரித்தார். விமானப் பணிமனையில் இருக்கைகளைச் சரிபார்த்துச் சான்று தருவது அவருடைய வேலை. எந்த மூலையில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அங்கே அவருக்குப் பெயரே திருகாணிதான். புது விமானங்களின் முன்வரிசையில் நான்கு இருக்கைகள் மட்டும் வால்பக்கம் பார்த்தபடி இருக்கும். அதில்தான் மனைவிக்கும் மகளுக்கும் இடம் போட்டிருந்தார். மற்ற இரண்டு இடங்கள் கூடவே விடுமுறைக்குப் போகிற தங்கைக்கும் அவள் பையனுக்கும்.

"விமானம் மேல ஏறும்போது உடம்பு கொஞ்சம் முன்னால சாயும். பெல்ட்டை இறுக்கிக்கிட்டுக் கண்ணை மூடிக்கோ, சரியாயிடும். ஏதாவது மோதல்னு வந்தா மத்தவங்களை இடுப்பு பெல்ட்தான் பிடிக்கணும். உங்களை முதுகுலேருந்து தலை வரைக்கும் சீட்டே தாங்கிக்கும். பொம்மையைக் கட்டி வெச்சு மோத விட்டுப் பாத்தவன் நான். சும்மாவா உங்களை ஏத்துறேன்?"

"பொம்மைக்கு வாந்தி வராதுங்க" என்றாள் அவள். பாப்பா சிரித்தது.

அப்போது தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அண்ணிகிட்ட சொல்லிடுங்க. எனக்கும் பையனுக்கும் எங்க வீட்டுக்காரர் நேத்தே சீட்டை மாத்திட்டார். ஒன்பதாவது வரிசை, முன்னால பாக்குறது. ஏன்னு கேட்டா, சொன்னதைச் செய்னு எரிஞ்சு விழறார்."

திருகாணிக்குச் சுருக்கென்றது. தங்கையின் கணவர்தான் பணிமனைத் தலைவர். பின்னோக்கிய இருக்கை வேண்டும் என்று மேலிடத்தில் மல்லுக்கு நின்றவரும் அவரே. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதும், பிறகு தங்கையைக் கொடுத்ததும் திருகாணிதான். தான் கொண்டுவந்த இருக்கையை அவரே பெண்டாட்டி பிள்ளைக்கு வேண்டாம் என்கிறாரே.

போன மாதம் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. "மச்சான், நாளைக்கு சீட் வந்திடும். நீங்க லீவுல போயிட்டா வேலை நின்னுடும். லேபிள்ல மட்டும் கையெழுத்துப் போட்டு வெச்சிட்டுப் போங்க" என்று கேட்டார் மாப்பிள்ளை. சரக்கு வருமுன்னே சான்று லேபிளில் கையெழுத்துப் போட்டுவைப்பது பணிமனையில் புதிதில்லை. திருகாணி மட்டும் அதுவரை போட்டதில்லை. கேட்டது வீட்டு மாப்பிள்ளை என்பதால் போட்டுக்கொடுத்தார்.

விமான நிலையத்துக்கு வந்ததும் மனைவியையும் மகளையும் பயணிகள் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, ஊழியர் வாசல் வழியாக விமானத்துக்குள் போனார். முன்வரிசை நாற்காலியின் உறையைக் கழற்றினார். உள்ளே இரட்டைக் குழாயில் தடித்த முதுகுச் சட்டம் இருக்கவேண்டும். மோதினால் ஆளின் முழு எடையும் அதன்மேல்தான் வந்து விழும். இருந்ததோ மற்ற வரிசைகளில் போடும் மெல்லிய சட்டம். சாதாரண நாற்காலியைத் திருப்பிப் போட்டு முடுக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே லேபிளில் அவருடைய கையெழுத்து. நான்கும் அப்படியே.

விஷயம் தெரிந்து மாப்பிள்ளை மூச்சிரைக்க வந்தார்.

"தடிச்ச சட்டம் எங்க மாப்பிள்ளை?"

"வர லேட்டாகுது மச்சான். மேலேருந்து நெருக்குறாங்க. ரெண்டு மாசத்துல மாத்திடலாம். தினமுமா விமானம் மோதுது?"

"அப்ப என் தங்கச்சியை ஏன் மாத்துனீங்க?"

மாப்பிள்ளை கழற்றிய உறையை எடுத்து மறுபடி மாட்டப் போனார்.

"என் பொண்டாட்டியும் பிள்ளையும் இதுல உக்காரப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"சொன்னா நீங்க விடமாட்டீங்க. இப்ப என்ன, அக்காவையும் பாப்பாவையும் பின்னால மாத்திடுறேன். உங்க தங்கச்சியோட போகட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லேபிள்ல இருக்கறது உங்க கையெழுத்து மச்சான். அதையும் நெனச்சுப் பாருங்க."

வளர்த்த கடா மார்பில் பாய்வது என்று கேள்விப்பட்டிருந்தார். அது இவ்வளவு பதவிசாகப் பாயும் என்று அவர் நினைக்கவில்லை. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் கோபம்தான் வந்திருக்கும், இப்படி வலித்திருக்காது. ஒரு கணம் அவருக்கும் சபலம் தட்டியது. மனைவியும் மகளும் பின்னால் போய்விட்டால் போதாதா? அப்படியானால் இந்த நாலு நாற்காலியில் யாருடைய மனைவி, யாருடைய மகள்?

பராமரிப்புப் பதிவேட்டை எடுத்தார். 'முன்வரிசை இருக்கைகள் நான்கும் தகுதியற்றவை. நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன்' என்று எழுதிப் பாதுகாப்பு அதிகாரியிடம் நீட்டினார். விமானம் நின்றுபோனது. மாப்பிள்ளையை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அடுத்து நீங்கள்தான், வெளியே இருங்கள் என்றார்கள்.

பயணிகள் கூடத்தில் அவர் நடந்ததைச் சொல்லி முடித்ததும் தங்கை அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். "வழியெல்லாம் அண்ணிகூடப் பேசிக்கிட்டே வான்னு சொல்லி அனுப்பினார் அண்ணே. எப்படி அவருக்கு வாய் வந்துச்சு?" என்று அழுதாள்.

மனைவி அழவில்லை.

"அவர் செஞ்சது துரோகம், சரி. நீங்க பாக்காமலா கையெழுத்துப் போட்டீங்க? அந்தக் கையெழுத்தை நம்பித்தானே நான் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தேன்?"

திருகாணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை கேட்டாரேன்னு போட்டேன். வீட்டு உறவை வேலையில கொண்டு வந்தது என் தப்பு. கையால தொட்டுப் பாக்காம கையெழுத்துப் போடுறவன், முகம் தெரியாதவங்க உயிரை எடுத்துத் தானம் பண்றான். எனக்கு அவர் பண்ணின துரோகத்துக்குப் பாதி வழி விட்டது, நான் ஊருக்குப் பண்ணின துரோகம்தான்."