மூலை மேசைக் கேபிள்

மூலை மேசைக்காரர் செத்துக் கிடந்ததே பிரிண்டர் நின்றதால்தான் தெரிந்தது. கணக்குப் பிரிவின் விண்டோஸ், டிசைன் பிரிவின் மேக், குடோனின் லினக்ஸ், எதிலிருந்து அச்சடித்தாலும் முதலில் அவருடைய கம்ப்யூட்டர் ஓட வேண்டும். பிரிண்டர் கேபிள் அதில்தான் செருகியிருந்தது. திங்கட்கிழமை ஆளைக் காணோமே என்று கேட்க நாதியில்லை. பேப்பர் வரவில்லை என்றதும் ஆபீசே காச்சுமூச்சென்று கத்தியது. பாஸ்வேர்டு கேட்கத்தான் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். தாழிட்ட கதவை உடைத்துப் பார்த்தால், சனிக்கிழமையே உயிர் போயிருந்தது.

"பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லலையா?" என்றார் மேனேஜர். அவர் வைத்த ஒப்பாரி அவ்வளவுதான்.

இன்று மெக்கானிக் வந்து அந்தக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பிரிண்டரை நேராக நெட்வொர்க்கில் மாட்டினான். மூன்று விதக் கம்ப்யூட்டரிலிருந்தும் பேப்பர் வந்து விழுந்தது.

"இனிமே யார் வராட்டியும் வேலை நிக்காதுல்ல?" என்று கேட்டார் மேனேஜர்.

"நிக்கவே நிக்காது சார்."

தபால் பிரிவு அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ஒண்டிக்கட்டை, வாடகை அறைக்குத் திரும்பினால் ஏனென்று கேட்க ஆளில்லை. மெக்கானிக் பையை மூடும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, ஆபீசுக்கு இருக்கிற ஒரே ஸ்கேனரை என் கம்ப்யூட்டர்ல மாட்டிவிடேன். எல்லாரும் என் வழியா வரட்டும்."

"எதுக்குக்கா? அதையும் நேரா மாட்டிட்டா உங்களுக்குத் தொல்லையே இல்லையே."

"தொல்லை இருக்கட்டும்ப்பா. நான் வராத அன்னைக்கு ஒருத்தனாவது கத்தணும்."