காரணம் சொல்லிவிட்டுப் போகவும்

கூட்டத்தின் நடுவே எழுந்து போகிறவர் காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது மேலாளர் போட்ட சட்டம். குடல் எரிச்சல் நோய்க்காரரான கணக்கர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, "வயிறு, சார்" என்பார். முதலில் சிரிப்பவர் மேலாளர்தான்.

டாக்டர் புரோபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இது எல்லாருக்கும் கேக்காது. உங்களுக்குக் கேட்டா விடாம சாப்பிடுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுதான், அளவு மீறினா வயித்தைக் கலக்கிடும்."

கணக்கருக்குக் கேட்டது. வருஷக்கணக்கில் விழுங்கியதில் குடல் அடங்கியது. வஞ்சம் மட்டும் செரிக்கவில்லை.

ஒருநாள் கூட்டத்துக்கு முன் மேலாளர் அந்த மாத்திரைப் புட்டியைப் பிடுங்கினார். "இந்த மிட்டாய்தானாய்யா உன் வைத்தியம்?" என்று கைநிறையக் கொட்டி வாயில் போட்டுக்கொண்டார். கணக்கர் தடுக்கவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அன்று ஆண்டறிக்கையை வாசித்தவர் கணக்கர். காற்புள்ளிக்குக்கூட நின்று நிதானித்து வாசித்தார். பாதியில் மேலாளரின் வயிறு உறுமிய உறுமலில், மழை வருகிறதென்று வாசல் காவலாளி காயப்போட்ட சீருடையை எடுக்க ஓடினார். மேலாளர் வியர்த்துப்போய் எழுந்தார்.

"காரணம், சார்?" என்றார் கணக்கர். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. கடைசி வரிசைக்கும் கேக்கணும்ல."

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் வயிறு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. கடைசி வரிசைக்கும் கேட்டது.

கணக்கர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.