கோட்டுக்குள் சுருங்கிய தோல்

"ரெண்டுல ஒண்ண விட்டுடும்மா ஜோயா. மெக்கானிக்கலா, பிசினஸா? நீயே சொல்லு," என்றார் பொறியியல் துறை ஜெயப்பிரகாஷ் சார்.

ஜோயா வேலூர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டையும் சேர்த்துப் படிப்பவள். கடைசி வருட ஆய்வை இரு துறைகளும் ஏற்றால்தான் இரண்டு பட்டமும் கிடைக்கும். அவள் எடுத்துக்கொண்டது ஆம்பூரில் மழைக்காலந்தோறும் வரும் சண்டை. அவள் அம்மா பில்கிஸின் டேனரியில் பதனிட்டுச் சரியாக அளந்து அனுப்பும் தோல், வாங்கும் ஷூ கம்பெனியில் அளந்தால் பரப்பு குறையும்.

அளக்கும் மெஷினில் கோளாறு என்றார் சார். விற்பவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றார் வணிகத் துறை சோபனா மேடம். இரண்டுமே இல்லை என்று ஜோயா எழுதியிருந்தாள். இருவருக்கும் கோபம்.

மறுநாள் காலை மழையில் ஒரு மாட்டுத்தோலைச் சுருட்டித் தோளில் வைத்துக் கிளம்பினாள்.

"தார்ப்பாய் போட்டு மூடுடி, ஈரம் ஏறிடும்!" என்று கத்தினாள் பில்கிஸ்.

"ஏறட்டும் அம்மீ. அதுக்குத்தான்."

பல்கலைக்கழக லேபில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதன்மேல் தோலை விரித்தாள்.

"சார், தோல் ஓரமா இந்தப் பக்கம் நீங்க கோடு போடுங்க. மேடம், அந்தப் பக்கம் நீங்க."

"இன்னாம்மா இது, எல்கேஜி கிளாஸா?" என்று சிரித்தபடியே மேடம் பென்சிலை எடுத்தார்.

ஏசியைப் போட்டு, கதவைப் பூட்டி, சாவியை மேடத்திடமே கொடுத்தாள். வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அடிக்கடி மணி பார்த்தாள். சுருங்காவிட்டால்?

சாயங்காலம் மேடம் கதவைத் திறந்தார். தோல் போட்ட இடத்திலேயே கிடந்தது. ஆனால் அதைச் சுற்றிலும், பென்சில் கோட்டுக்கு உள்ளே, விரல் அகலத்துக்கு வெள்ளைத் தாள் தெரிந்தது.

"சாவி என்கிட்டதானே இருந்துச்சு?" என்றார் மேடம்.

ஜோயா அந்த வெள்ளை ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"மழையில தோல் ஈரத்தக் குடிச்சு விரியுது. ஷூ கம்பெனி ஏசி ரூமுல காய்ஞ்சு சுருங்குது. இது சாரோட பாடம். ரெண்டு இடத்துலயும் ஒரே ஈரத்துல வச்சுத்தான் அளக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிட்டா சண்டை இல்ல. இது உங்க பாடம், மேடம். நான் எத விடணும்?"

சார் குனிந்து இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணையும் விட வேணாம். மேடம், பேனா குடுங்க, ரெண்டு பேருமே கையெழுத்து போட்டுடலாம்."

ஜோயா வெளியே ஓடிவந்து போன் போட்டாள்.

"அம்மீ, ரெண்டும் பாஸ்!"

எதிர்முனையில் பில்கிஸ் டேனரி முழுக்கக் கேட்கும்படி யாரிடமோ கத்தினாள். அப்புறம்தான் நினைவு வந்தது.

"ஏய், தோல் எங்கடி?"

"லேப் சுவத்துல மாட்டப் போறாங்களாம்."

"மாட்டுவாங்க, மாட்டுவாங்க! ஆர்டர் தோலு அது, சுருட்டி எடுத்துனு வா!"