நாற்பத்து மூன்று விநாடி

விடுமுறை முழுவதையும் கொட்டி நானே எழுதிய கணினி நிரல் அது. திரையில் ஒரு மீட்டர் நூல், நுனியில் ஒரு குண்டு. குண்டை எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்து விடலாம். இருபது முறை ஆட எத்தனை விநாடி என்று ஓரத்தில் எண் வரும். ஆய்வகத்தில் நூல் சிக்கும், ஸ்டாப்வாட்ச் மக்கர் பண்ணும். என் ஊசலுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. தலைமை ஆசிரியை பாராட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி. திரையில் பார்த்ததோடு விடாமல், வீட்டில் ஒரு மீட்டர் நூலில் பூட்டைக் கட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறாள்.

“சார், கம்ப்யூட்டர்ல எவ்வளவு இழுத்து விட்டாலும் நாப்பது செகண்டுதான் வருது. வீட்டுல நல்லா இழுத்து விட்டா நாப்பத்திமூணு வருது. அஞ்சு தடவ பாத்துட்டேன்.”

“சாவியையும் சேத்துத் தொங்கவிட்டியா?” என்றேன். வகுப்பே சிரித்தது. “ஒழுங்கா எண்ணத் தெரியலன்னா அம்பது தடவ பாத்தாலும் தப்புதான் வரும். நோட்டுல மாத்தி எழுதிட்டு வா.”

அன்றிலிருந்து அவள் பெயர் ‘பூட்டுக்காரி’. மாற்றி எழுதி வந்தாள். சிவப்பு மையில் ‘நன்று’ போட்டேன்.

மறு வருடம் புது வகுப்புக்காக நிரலைத் திறந்தேன். குண்டை எழுபது டிகிரிக்கு இழுத்து விட்டேன். நாற்பது. ஐந்து டிகிரிக்கு விட்டேன். அதே நாற்பது. தூக்கிவாரிப் போட்டது. நான் போட்டிருந்த சூத்திரம், ஊசல் கொஞ்சமாக ஆடினால்தான் செல்லும். நிறைய இழுத்தால் நேரம் கூடும். கல்லூரியில் படித்ததுதான். திரையின் அழகில் மறந்து தொலைத்திருக்கிறேன்.

அவள் வணிகவியலில் சேர்ந்திருந்தாள். இடைவேளையில் வகுப்பு வாசலுக்கே போனேன்.

“நீ அளந்ததுதாம்மா சரி. என் புரோகிராம்தான் தப்பு. மன்னிச்சிடு. சயின்ஸுக்கு மாறிக்கிறியா? நான் பேசுறேன்.”

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலை. வெறும் மரியாதைதான் இருந்தது.

“பரவாயில்ல சார். அதுக்கப்புறம் வருஷம் முழுக்க நான் எதையுமே அளக்கல. கம்ப்யூட்டர்ல வந்தத அப்படியே எழுதினேன். நீங்களும் முழு மார்க் போட்டீங்க.”

மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை வாசல் கதவுப் பூட்டைக் கழற்றி நூலில் கட்டினேன். நன்றாக இழுத்து விட்டேன். இருபது ஆட்டம். நாற்பத்து மூன்று விநாடி. கட்டி, ஆட்டி, எண்ணி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. போன வருடமும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.